கடல் மணல்ல கம்பஸ் தோட்டம் சரிவருமோ?

கேள்வி: ஹொஸ்டலுக்குப் பின்னால சும்மா கிடக்கிற காணியில கொஞ்சப் பேர் சேர்ந்து மரக்கறி போடுவம் எண்டு யோசிக்கிறம், திருகோணமலையில நிலாவெளிப் பக்கம், முழுக்க மணல், ஊத்துற தண்ணி அப்பிடியே கீழ இறங்கிடுது. ஆகஸ்ட் வந்தும் கச்சான் காத்து, அந்த வறண்ட காத்து, விடுற மாதிரி இல்ல. இப்பவே தொடங்கலாமோ?

உப்புவெளிக்காரன்: இப்ப விதை போடாதேங்கோ தம்பி. வேலிய அடைச்சு மண்ணை மட்டும் பாருங்கோ, ஐப்பசி மழையோட விதைச்சா பாதி வேலை மிச்சம். குழி வெட்டி அடியில தென்னம் பொச்சை, குழிஞ்ச பக்கம் மேல பாக்க அடுக்குங்கோ, அது தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கும், அதுக்கு மேல மாட்டெருவும் சீமைக்கிளுவை இலையும் போட்டு மூடி விடுங்கோ. வெண்டி, கத்தரி, பயித்தை எல்லாம் வரும். மரவள்ளிய மட்டும் வெள்ளம் நிக்கிற பள்ளத்தில வைக்காதேங்கோ, கிழங்கு அழுகிடும்.

கிணத்தடி: கடலுக்குக் கிட்ட எண்டால் மோட்டர் போட்டு நெடுக இறைக்க வேண்டாம், அடியில இருக்கிற உப்புத்தண்ணி மேல ஏறிடும். வாளியே காணும், பின்னேரத்தில ஊத்துங்கோ.

பச்சைமிளகாய்: அதெல்லாம் சரி, லீவு விட்டா ஆர் தண்ணி ஊத்துறது?? எங்கட பட்ச் தோட்டம் அப்பிடித்தான் கருகினது. டவுன்ல எண்டால் மான் வந்து மேயும், உங்களுக்கு மாடு, படலைய வடிவாக் கட்டுங்கோ.

கேட்டவர்: லீவுக்கு ஊர்ப் பெடியள் ரெண்டு பேர் நிப்பினம் அக்கா. பொச்சு எங்க மலிவா எடுக்கலாம்?