காரைக்குடியில் புதுக் கட்சி: பதிவுக்கு என்னென்ன வேணும்?

கேள்வி: சீர்திருத்தக் கொள்கையோட கட்சி தொடங்குறோம். பதிவு எப்படிண்ணே? சின்னம் உடனே கிடைக்குமா?

தேவகோட்டையான்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 29ஏ. தொடங்குன 30 நாளுக்குள்ள மனு டெல்லியில இருக்குற இந்தியத் தேர்தல் ஆணையத்துக்குப் போயிடணும் தம்பி. தாண்டுனா எடுத்துக்க மாட்டாங்க. மனுவோட 10,000 ரூபாய்க்கு டிடி (வங்கி வரைவோலை). வாக்காளர் பட்டியல்ல உள்ள 100 உறுப்பினர், ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம், 'வேற கட்சியில இல்லை'னு. பழைய கட்சி அட்டையைப் பெட்டகத்துல பூட்டி வச்சுட்டுக் கையெழுத்துப் போடுறவராலதான் வம்பே.

பள்ளத்தூர்க்காரர்: கட்சி விதிகள்ல அரசியலமைப்பு, சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் பத்தின உறுதிமொழியைச் சட்ட வாசகப்படியே எழுதுங்க. பத்துப் பக்கம் கொள்கை முழங்கிட்டு இதை விட்டுடுறாங்க! சின்னம் வேற கதை: பதிவானதும் கிடைச்சுடாது, நிரந்தரச் சின்னத்துக்கு ஆணையத்தோட அங்கீகாரம் தனியா வேணும். 1949ல தொடங்குன திமுகவே 1957ல அங்கீகாரம் இல்லாமத்தான் நின்னுச்சு.