பிச்சாவரமும் சிதம்பரமும் ஒரே நாளில்: நேரக் கணக்கு சரிவருமா?

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரியிலிருந்து ஒரே நாளில் போய்வர 6 பேர்; இருவருக்கு வயது 70க்கு மேல். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகள் அவர்களுக்கு ஆகாது, அதனால் அதை விட்டாயிற்று.

சிக்கல் நேரத்தில்தான். நடராஜர் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். படகில் சுற்றிப்பார்க்கும் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டிலோ 11 மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். துடுப்புப் படகில் கூரை கிடையாது. ஆகவே விடியலில் கிளம்பி, கடலூர் வழியாக நேரே பிச்சாவரம். முதல் படகு முடிந்ததும் 15 கி.மீ. தள்ளியுள்ள சிதம்பரம்.

மோட்டார் படகு வேண்டாம். அது அகலமான கால்வாயோடு நின்றுவிடும். சுரபுன்னை வேர்கள் விழுதுபோல் தண்ணீருக்குள் இறங்க, தலையைக் குனிந்தால்தான் நுழையமுடியும் என்கிற குறுகிய வழிகளில்தான் அந்தக் காட்டின் அழகே இருக்கிறது.

அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: இப்போது முதல் படகு எத்தனை மணிக்கு? தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தக் குறுகிய வழிகளுக்குள் விடுகிறார்களா, வெளியிலேயே சுற்றிக்காட்டித் திருப்பிவிடுகிறார்களா? முட்டிவலி உள்ளவர்கள் படகில் இறங்கப் பிடிமானம் உண்டா? சனிக்கிழமைக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? நடை சாத்துவதற்குள் கோயிலுக்குள் நுழைந்தாக வேண்டும், அதுதான் கவலை.