பிரேக் பேட் தேய்ந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை (வட்டத் தட்டை) இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்துவதுதான் பேட். கிலோமீட்டர் கணக்கு வைத்து அதை மாற்றச் சொல்பவர்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் தம்பியும் நானும் ஒரே மாடல் கார்தான் வைத்திருக்கிறோம். அவன் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறான், நான் தினமும் மலைப்பாதையில் இறங்குகிறேன். அவனுடைய பேட் உழைத்ததில் பாதிகூட என்னுடையது உழைக்கவில்லை. அதனால் நான் பார்ப்பது தடிமன் மட்டும்தான். புதுப் பேடில் உராயும் பகுதி 10 மில்லிமீட்டர், சிலவற்றில் 12 வரை இருக்கும். 3-க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவேன். அளக்கும்போது பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்த்துவிடாதீர்கள். "இன்னும் 7 இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்த ஒருவரைப் பார்த்தேன். தகட்டைக் கழித்தால் மிச்சம் 2! உங்கள் வண்டி எப்படிச் சொன்னது, எழுதுங்கள்.

* * *

எனக்குச் சத்தம்தான் சொன்னது. சரியாகச் சொன்னால், பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுப் பாட்டும் ஓடினால் ஓட்டுபவர் காதுக்கு எங்கே வரும்? பேடில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அதற்கென்றே வைத்தது. மதில் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சத்தம் மதிலில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரத்தால் அது டிஸ்க்கில் படிந்த துரு, பயப்பட வேண்டாம்.

* * *

அம்மாவின் காதுக்கு ஒரு வணக்கம். ஆனால் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன். எல்லாப் பேடிலும் அந்த நாக்கு இருப்பதில்லை. இருந்தாலும் பல வண்டிகளில் ஒரு பக்கத்துப் பேடில் மட்டும்தான் இருக்கும்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். சக்கர இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பேட் பாதிக்கு மேல் இருந்தது. வண்டி மட்டும் பிரேக் பிடிக்கும்போது லேசாக இடப்பக்கம் இழுத்தது. சரி, டயர் காற்றாக இருக்கும் என்று பார்த்தால் அதுவும் சரியாக இருந்தது. சக்கரத்தைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. வலப்பக்கம் உள்பேட் தகடு வரை தேய்ந்து, டிஸ்க்கின் உள்முகத்தில் கோடு கோடாக வரி விழுந்திருந்தது. பேட்களைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (pin) துருப்பிடித்து இறுகிவிட்டது. அதனால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் தள்ளும் உள்பேட் மட்டும் வேலை செய்ய, வெளிப்பேட் சும்மா உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவது அந்தச் சோம்பேறி வெளிப்பேட்தான்! டயர் இடம் மாற்றும்போது சக்கரம் எப்படியும் கழலும், அப்போது உள்பேடையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். என் டிஸ்க் அதில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே போய்விட்டதால் இரண்டு முன்டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதாயிற்று.

* * *

பிரேக் ஆயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மேலே டப்பாவில் அளவு குறையும். என் வண்டியில் பிரேக் விளக்கு வளைவுகளில் மட்டும் மினுக்கியது. ஒரு பணிமனையில் ஆயிலை ஊற்றி நிரப்பி "முடிந்தது" என்று அனுப்பிவிட்டார்கள். விளக்கு அணைந்தது, பேட் தேய்ந்துகொண்டேதான் இருந்தது. அளவு குறைந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. இரண்டையும் பார்க்காமல் ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, அந்த அதிகப்படி ஆயில் வழிந்து பெயின்ட்டையும் கெடுக்கும்.

* * *

ஒரு சின்னக் கேள்வி அண்ணா. பிரேக் மிதித்தால் பெடல் காலுக்கு அடியில் துடிக்கிறது. பேட் மாற்றினால் சரியாகுமா?

* * *

பெரும்பாலும் ஆகாது தம்பி. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறினால்தான் அப்படித் துடிக்கும், முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். மற்றபடி பேட் மாற்றுவதாக இருந்தால் இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் இறுகும்வரை நிறுத்தி நிறுத்தி மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது.