கறுவா (இலவங்கப்பட்டை) உரிப்பதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொழும்பிலிருந்து:
பலப்பிட்டியவில் மாது கங்கைப் படகில் போனால், கறுவா வளர்க்கும் ஒரு சிறு தீவில் இறக்கிக் காட்டுவார்கள். அங்கே ஒரு ஐயா தரையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது ஒல்லியான கம்புதான். மரத்தை அடியோடு வெட்டிவிட்டால் மறுபடி கொத்தாகத் தழைக்கும். அந்தத் தளிர்க்கம்புகள் ஒன்றரை, இரண்டு வருடத்தில் வெட்டுக்கு வரும். மழைக்குப் பிறகு வெட்டினால்தான் பட்டை கட்டையை விட்டுச் சுலபமாகக் கழலும்.

முதலில் வெளித்தோலைச் சுரண்டி எறிந்தார். அப்புறம் ஒரு பித்தளைத் துண்டால் கம்பு முழுக்க அழுத்தித் தேய்த்தார். உள்பட்டை இளகுவது அந்தத் தேய்ப்பில்தான். சிறு கத்தியால் நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டதும் காகிதம் போல மெல்லிய பட்டை கிழியாமல் வந்துவிட்டது. எனக்குக் கண்ணை எடுக்கவே முடியவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, சுமார் 42 அங்குல நீளத்துக்குக் குழாய் சேர்த்து, நிழலில் உலர்த்துகிறார்கள். விட்டம் 6 மில்லிமீட்டருக்குள் அமைந்தால் அது ‘ஆல்பா’ (Alba) என்ற தரம், உச்ச விலை. அந்த விலையில் பாதி அந்தக் கைகளுக்குத்தான் என்று நான் சொல்வேன்.

போகும்போது ஓர் இலையைக் கசக்கித் தந்தார். அசல் கராம்பு வாசம்! இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற வாசனைப் பொருள், கராம்பிலும் அதுவேதான்.

மதுரையிலிருந்து:
அண்ணா, இங்கே மளிகைக் கடையில் பட்டை என்றால் பெரும்பாலும் காசியா என்ற வேறு இனப் பட்டையைத்தான் தருகிறார்கள். தடித்திருக்கும், லேசில் ஒடியாது. பிரியாணிக்கு அது சரி. டீக்கும் பாயசத்துக்கும் இலங்கைச் சுருள்பட்டைதான் நான் போடுவது. அதன் இனிப்பு வாசம் வேறு. எங்கள் அப்பா சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து குடித்துவந்தார். காசியாவில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம், தினசரி நிறையச் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். டாக்டரும் வேண்டாம் என்றுவிட்டார்.

மாத்தறையிலிருந்து:
அக்கா, வாங்கும்போது குழாயின் முனையைப் பாருங்கள். உள்ளே மெல்லிய பட்டைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது எங்கள் கறுவா. ஒரே தடித்த சுருள் என்றால் காசியா. எங்கள் பக்கம் உரித்த கட்டையையும் வீணாக்க மாட்டார்கள், அடுப்புக்குப் போய்விடும். உரிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடு. கம்பு முற்றிக் காத்திருக்க, தோட்டக்காரர்கள் ஆள் தேடி அலைகிறார்கள்.