புதுப்பிப்பு: ஸ்கிராட்சில் மாம்பழங்கள் ஒரே வேகத்தில் விழுந்த சிக்கல் தீர்ந்தது

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கிராட்சில் (பிளாக்குகள் எனும் கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) செய்த மாம்பழம் விழும் விளையாட்டில், புதிதாக ஒரு மாம்பழக் குளோன் (நகல்) வந்ததும் மற்ற பழங்களும் அதன் வேகத்துக்கே மாறிவிடுகின்றன என்று கேட்டிருந்தேனே, சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காத்திருக்கும் பிளாக்கைச் சேர்த்ததில் பலனில்லை. 'வேகம்' மாறியை (எண்ணைச் சேமித்து வைக்கும் இடம்) அந்த ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் உருவம், இங்கே மாம்பழம்) மட்டும் என்று வைக்கச் சொன்னீர்களே, அதுதான் வேலை செய்தது. அப்படி வைத்தால் ஒவ்வொரு குளோனுக்கும் தனிப் பிரதி கிடைக்கிறது. பொது மாறி என்றால் கடைசியாக வந்த பழம் போட்ட எண்தான் எல்லாவற்றுக்கும். ஆனால் ஏற்கெனவே உருவாக்கிய மாறியில் இதை மாற்ற முடியாது, அவசரப்பட்டுப் பழையதை அழித்தால் அதைப் பயன்படுத்தும் பிளாக்குகளும் சேர்ந்தே போய்விடும். அதனால் முதலில் வேறு பெயரில் புது மாறி, அப்புறம் பிளாக்குகளில் அதைத் தேர்ந்தெடுப்பது, கடைசியில்தான் பழையதை அழிப்பது.

எதிர்பாராத ஒன்று: கொஞ்ச நேரம் ஆடியதும் பழம் விழுவதே நின்றுபோனது. ஸ்கிராட்சில் ஒரே நேரத்தில் 300 குளோன்தான் இருக்க முடியும். எங்கள் பழங்கள் தரையைத் தொட்ட பிறகும் மறைந்த நிலையில் உயிரோடு இருந்திருக்கின்றன. ஒய் மதிப்பு (திரையில் பழம் இருக்கும் உயரம்) -170க்குக் கீழே போனால் 'இந்தக் குளோனை அழி' என்று போட்டதும் சரியானது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி.