ஆடிக் காத்துல ராமநாதபுரம் கடற்கரை: சைக்கிள்ல கூடாரமா, கொசுவலையா?

கொங்குச்சக்கரம்:
வணக்கமுங்க. ஆடி மாசம் ஒரு வாரம் லீவு. தொண்டியில ஆரம்பிச்சு தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியா அரிச்சல்முனை. அப்புறம் திரும்பி வந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடியில முடிக்கலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் வால்பாறை, ஊட்டிப் பக்கம்தான் ஓட்டியிருக்கேன். அலுமினியம் வண்டி, 28 மி.மீ. டயர். முன்னாடி ரெண்டு பை, பின்னாடி ரெண்டு பை. ரெண்டு பேர் படுக்கிற கூடாரம், ஸ்லீப்பிங் பேக், கேஸ் அடுப்பு. எல்லாம் சேர்ந்து 18 கிலோ வருது. எதைக் கழிக்கலாமுங்க?

கீழக்கரையான்:
பாதியைக் கழிச்சிடுங்க தம்பி. முதல்ல ஸ்லீப்பிங் பேக். ஆடியில ராத்திரியும் இங்க புழுக்கம்தான், போர்த்திக்க ஒரு வேட்டி போதும். அடுப்பு எதுக்கு? ஈசிஆர்ல ஊருக்கு ஊர் டீக்கடை, ஏர்வாடி தர்கா பக்கம் போனா சோத்துக்குப் பஞ்சமே இல்ல. கேஸ் டப்பாவோட ரயில் ஏறவும் கூடாது. கூடாரத்துக்குப் பதிலா ஒரு தார்ப்பாய், ஒரு கொசுவலை. முன்பைகளையும் கழட்டுங்க. மழைக்குப் பயந்து சாமான் சேர்க்காதீங்க. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையிலதான்.

உப்புக்காத்து:
அடுப்பு, ஸ்லீப்பிங் பேக் வரைக்கும் காக்கா (எங்க பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்றது சரி. தார்ப்பாய்தான் உதவாது. கூடாரத்தை மழைக்காகவா கேக்குறோம்? மணலுக்கு. கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிறப்ப ராத்திரி முழுக்க மணல் தரையோட தரையா ஓடும், கொசுவலை அதைச் சல்லடை மாதிரி சலிச்சு உங்க மூஞ்சியில போடும். 2022 வரைக்கும் ரயில் ஓடின பழைய பாம்பன் பாலத்துல, காத்து மணிக்கு 58 கி.மீ. தாண்டினா சிவப்பு சிக்னல் விழுந்து ரயிலையே நிறுத்திட்டிருந்துச்சு. அப்படிப்பட்ட இடத்துல தார்ப்பாயை எதுல கட்டுவீங்க?

கொங்குத் தம்பிக்கு: கூடாரம் ஆணி அடிக்காமலே தானா நிக்கிற வகையா, உயரம் கம்மியா, வெளித்துணி தரை வரைக்கும் இறங்குறதா இருக்கணும். கம்பி அலுமினியம். பைபர் கம்பி நெடுநேரம் வளைஞ்சு நின்னா நார்நாராப் பிளந்துக்கும். கூட வர்ற மெல்லிசு ஆணிகள் மலை மண்ணுக்குத்தான், நம்ம மணல்ல இழுத்த இழுப்புக்கு வந்துடும். நாலஞ்சு துணிப்பை எடுத்துட்டு வாங்க. மணலை நிரப்பி, கழுத்துல கயித்தைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைச்சு மூடிட்டா அசையாது. பைக்கு எடையே இல்ல.

கீழக்கரையான்:
சரி, அந்தக் கூடாரத்தை எங்க போடுவாராம்? தனுஷ்கோடியில இருட்டின பிறகு இருக்க விடமாட்டாங்க. மன்னார் வளைகுடாத் தீவு 21-லயும் அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது, தேசியப் பூங்கா. மத்த கடற்கரையில படுத்தா கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்காரங்க டார்ச் அடிச்சு எழுப்பி, யாரு, எந்த ஊருன்னு விசாரிப்பாங்க. இலங்கை பக்கத்துல இருக்கே, அவங்க வேலை அது. ஆதார் கார்டு கையில இருக்கட்டும். வெட்டவெளி மணல்ல படுக்கிற பேச்சே கிடையாது. ஊர்ப் பெரியவங்க ஒருத்தர்கிட்ட கேட்டா வலை பின்னுற கூடத்தையோ கோயில் மண்டபத்தையோ காட்டுவாங்க. காத்துக்குச் சுவரு, தலைக்கு மேல கூரை. அங்க போயி ரெண்டரைக் கிலோ கூடாரமா?

உப்புக்காத்து:
ஆம்பளை ஒத்தையா வந்தா நீங்க சொல்றது நடக்கும். என் தங்கச்சி எங்களோட ஓட்டுறா. திறந்த கூடத்துல நாலு பேர் பார்க்கக் கொசுவலைக்குள்ள படுக்கச் சொல்லுங்க பார்ப்போம். கூடத்துக்குள்ளேயும் உள்கூடாரத்தை மட்டும் நிறுத்தலாம், தானா நிக்கிற வகை வேணும்னு சொன்னது அதுக்கும்தான். சிமெண்டுத் தரையில ஆணி அடிக்க முடியுமா?

பனங்காட்டான்:
ரெண்டும் வேணாம். பனைக்குப் பனை ஊஞ்சல் படுக்கை கட்டிக்கலாமே? நம்ம ஊர்ல பனைக்கா பஞ்சம்?

கீழக்கரையான்:
ஆடி, ஆவணி பனம்பழம் விழுற காலம்ங்க. பேரை மாத்திட்டு வாங்க.

பஞ்சர்க்கடை, உச்சிப்புளி:
எல்லாரும் படுக்கையிலேயே இருக்கீங்க. சக்கரத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல.

28 மி.மீ. டயரோட இங்க வராதீங்க. சாயல்குடிப் பக்கம் ரோட்டுக்கு ரெண்டு புறமும் சீமைக்கருவேலம். கரிமூட்டத்துக்கு வெட்டி ஏத்திட்டுப் போறப்ப முள்ளு ரோட்டுல சிந்தும். குறைஞ்சது 38, 40 மி.மீ., உள்ள முள் தாங்குற பட்டை வச்ச டயர். அரிச்சல்முனை ரோட்டுல காத்து மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும், அங்கேயும் அகலமான டயர்தான் நிக்கும். ட்யூப்லெஸ் டயர்ல ஓட்டை தானா அடையறதுக்கு ஊத்துற பால் நம்ம வெயில்ல சீக்கிரம் காயும். கிளம்புறதுக்கு முன்னாடி புதுசா ஊத்துங்க, கூட ஒரு ட்யூப்பும் இருக்கட்டும்.

ஒல்லி மவுத் (காத்தடிக்கிற வால்வு) ட்யூப், அதான் பிரஸ்டா, எங்க கடையில கிடைக்காது. எங்ககிட்ட இருக்கிறது 28×1½, தாத்தா காலத்து வண்டி ட்யூப். அவசரத்துக்கு உங்க 700 அளவு டயருக்குள்ள அடங்கும். ஆனா அதோட மவுத் பருமன். ரிம்முல ஓட்டை சின்னதா இருந்தா நுழையாது.

உப்பு இன்னொரு தலைவலி. அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு இருந்துடாதீங்க, அதுல இறுக்கின இரும்பு போல்ட்டு உப்புக்காத்துல ஒட்டிக்கும். சீட் கம்பி, கேரியர் போல்ட்டு எல்லாத்துக்கும் கிரீஸ் வைங்க. செயின்ல பிசுபிசு எண்ணெய் போட்டா மணல் ஒட்டி அரைச்சிடும். மெழுகு வகை போடுங்க, இல்லாட்டி எண்ணெய் விட்டுத் துணியால நல்லாத் துடைங்க. சாயங்காலம் வண்டியையும் கூடார ஜிப்பையும் ஈரத்துணியால துடைச்சாப் போதும். கழுவ ஒரு வாளி நல்ல தண்ணி கொடுங்கன்னு யாரு வீட்டுலயும் கேக்காதீங்க. இங்க குடிதண்ணி தள்ளுவண்டியில குடம் குடமா வருது.

கொங்குச்சக்கரம்:
டயர் மாத்திடறேனுங்க. முன்பையைக் கழட்டச் சொன்னது எடைக்காகத்தானா? வால்பாறை இறக்கத்துல முன்பை இருந்தாத்தான் வண்டி ஆடாம வரும்.

உப்புக்காத்து:
இறக்கத்துக்கு அது சரி. இங்க பாம்பன் ரோட்டுப் பாலம், 1988-ல திறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கடலுக்கு நடுவுல போகுது. போறப்ப தென்மேற்குக் காத்து வலது பக்கமிருந்து வந்து உங்களைக் கைப்பிடிச் சுவர் பக்கம் தள்ளும். திரும்பி வர்றப்ப இடது பக்கமிருந்து அடிச்சு பஸ் வர்ற பக்கமாத் தள்ளும். முன்சக்கரத்துல ரெண்டு பை தொங்கினா ஹேண்டிலே உங்க பேச்சைக் கேக்காது. காலையில வெள்ளனத் தாண்டுங்க, காத்து தணிஞ்சிருக்கும். முன்பைச் சாமானைக் கழிச்சு, அந்த எடையைத் தண்ணி பாட்டிலுக்கு விட்டுக்கொடுங்க. நாலு லிட்டர் வண்டிச் சட்டத்தோட கீழ இருக்கட்டும்.

கீழக்கரையான்:
இதுல நானும் சேர்ந்துக்கிறேன். இன்னொண்ணு, நீங்க போட்ட வழியே தலைகீழ். சாயல்குடியில ஏறி ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம்னு வாங்க, காத்து முதுகுல தள்ளும். ராமேஸ்வரத்துலேர்ந்து ராமநாதபுரம் திரும்புற தூரம் மட்டும் எதிர்காத்து. அப்புறம் வடக்க தேவிபட்டினம், தொண்டின்னு போனா மறுபடியும் சாதகம். கீழக்கரைக்கு வந்தா எங்க வீட்டு மாடி இருக்கு, அந்த ராத்திரிக்குக் கூடாரம் வேணாம்.

உப்புக்காத்து:
மாடியிலயும் காத்து அடிக்கும் காக்கா.

கொங்குச்சக்கரம்:
கூடாரத்தைக் கொண்டு வரேனுங்க, ஆனா ஒத்த ஆள் படுக்கிறது. மணல் பைக்குப் பழைய தலகாணி உறை ஆகுமுங்களா?

பஞ்சர்க்கடை, உச்சிப்புளி:
தையல் கெட்டியா இருந்தா ஆகும். ரிம் ஓட்டையை இன்னைக்கே அளந்து எழுதுங்க. 6 மி.மீ.ன்னா ஒல்லி மவுத் ட்யூப் மூணு வாங்கிக்கிட்டு வாங்க, 8 மி.மீ.ன்னா வெறுங்கையோட வாங்க.