கோழி எரு போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். உங்கள் ஊரில் எப்படி?

திருச்செங்கோட்டிலிருந்து:

நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு கோழி எருவில் ஏமாந்தேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன். போன மாசியில் முக்கால் ஏக்கர் தக்காளிக்காகப் பக்கத்து முட்டைப் பண்ணையில் ஒரு டிராக்டர் எரு வாங்கினேன். கூண்டுக்கு அடியில் குவிந்து கிடந்தது. மேலே காய்ந்து, உள்ளே ஈரம். வயலில் இறைத்து உழுதுவிட்டு நான்காம் நாளே நாற்று நட்டேன். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. பாதி நாற்று போய்விட்டது. "பச்சை எருவைப் போட்டுட்டு நாத்து நடுவாங்களா மாப்ள? சூடு தாங்குமா?" என்றார் மாமனார். நடும்போது வரப்பில்தான் உட்கார்ந்திருந்தார்!

நாம் சூடு என்பது பெரும்பாலும் அம்மோனியா. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. யூரிக் அமிலம் எச்சத்தோடே வெள்ளையாக வந்துவிடுகிறது. ஈரம் பட்டால் அது யூரியாவாகி, அப்புறம் அம்மோனியாவாகி வேரைச் சுடுகிறது. உப்பும் உண்டு. பிறகு மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன்; கார அமில நிலை (pH) 8.4, அதாவது கார மண் என்று வந்தது. முட்டை ஓடு உறுதியாக இருக்கத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் சேர்க்கிறார்கள் அல்லவா, அதில் உடம்பில் ஒட்டாதது எருவில்தான் வருகிறது. சுண்ணாம்பு மண்ணுக்கு நானே காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதுங்கள். அங்கே இதை என்ன செய்கிறார்கள்?

மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் கெடுதலான சுண்ணாம்பு எங்களுக்கு வரம். இங்கே மழை அதிகம், மண் புளிப்பு. மலையை வெட்டிப் படியாக்கிய இடங்களில் மேல்மண்ணே இருக்காது, செம்மண் மட்டும்தான். கோழி எரு இல்லாமல் முட்டைக்கோஸ் தலை கட்டாது. 'தாஹி ஆயாம்' என்று மலாயில் சொன்னால் போதும், தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் புரியும்.

எங்கள் தொல்லை ஈ. சமவெளிப் பண்ணையிலிருந்து மூட்டையில் வரும் அரைகுறையாகக் காய்ந்த எருவில் புழு உயிரோடு இருக்கும். படிக்குப் படி கொட்டினால் பத்து நாளில் ஊரெல்லாம் ஈ. என் அத்தை சுற்றுலாப் பயணிகளை நம்பிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்த ஒரு நாள், வாழையிலையில் சோறு எது, ஈ எது என்று தெரியாத நிலை. ஒரு குடும்பம் தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டது. அத்தை மேல்படித் தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போனார். அவரோ எங்கள் மாமா. இப்போது அவர் பதப்படுத்திய குருணை எருதான் வாங்குகிறார். விலை கூடுதல், ஆனால் பொங்கலுக்கு வீட்டுக்குள் விடுகிறார்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலிருந்து:

நான் விவசாயி இல்லை, மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை. செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரை முழுக்கக் கறிக்கோழிப் பண்ணைகள். இங்கே ஒவ்வொரு தொகுதிக் கோழிக்கும் தரையை முழுதாக மாற்றுவதில்லை. மரச்சீவல் மேல் அடுத்தடுத்துக் கோழி வளர்த்து, கட்டிப்போன மேலோட்டை மட்டும் எடுப்பார்கள். அதனால் எரு காய்ந்து உதிரியாக இருக்கும். பயிர் கருகியது என்று யாரும் வந்ததில்லை.

வரும் புகார் வேறு. மக்காச்சோளத்துக்குத் தேவையான தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கில் கோழி எரு போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேலே போய்விடும். ஒரு வருஷம் தெரியாது. முப்பது வருஷம் போட்டால் மண்ணால் பிடித்து வைக்க முடியாமல் வடிகால் வழியே விரிகுடாவுக்குப் போகிறது, பாசி பொங்குகிறது. 1997இல் பொக்கொமோக் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. மறு வருஷமே ஊட்டச்சத்துத் திட்டம் இல்லாமல் எரு போடக்கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது. 2015இல் மணிச்சத்துக்குத் தனியாகக் கெடுபிடி. ஒரு பெரியவர் என் அறிக்கையை மேஜையில் போட்டு, "என் கோழி, என் நிலம், இடையில் நீ யார்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் தாத்தா காலத்திலிருந்து போட்டது அந்தத் தாளில் எண்ணாக நின்றது. இப்போது அவருடைய எரு லாரியில் வேறு நிலத்துக்குப் போகிறது. வாடகையில் ஒரு பகுதியை மாநில அரசு கொடுக்கிறது.

நெதர்லாந்திலிருந்து:

இங்கே எருவுக்கு வாங்குகிறவர் காசு தருவதில்லை, கொடுக்கிறவர்தான் தருகிறார். ஐரோப்பிய விதிப்படி கால்நடை எருவிலிருந்து ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 170 கிலோ தழைச்சத்துதான் பொதுவான வரம்பு. கோழி அதிகம், நிலம் குறைவு. எரு லாரிக்கு எடை, மாதிரி, ஜிபிஎஸ் எல்லாம் உண்டு. மொர்டைக் என்ற ஊரில் 2008 முதல் கோழி எருவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சாம்பல் உரமாக வெளிநாட்டுக்குப் போகிறது. எரித்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடுமே என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் புலம்பினார். நியாயம்தான்.

மறுபடி திருச்செங்கோட்டிலிருந்து:

படித்தேன், நன்றி. மாமனாரிடம் நெதர்லாந்துக் கதையைச் சொன்னேன். காசு கொடுத்து எருவைத் தள்ளிவிடுகிறார்கள் என்பதை நம்பவே இல்லை.

மிச்சமிருந்த எருவைத் தென்னைநார்க் கழிவோடு கலந்து நிழலில் குவித்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறி, தண்ணீர் தெளிக்கிறேன். நெடி குறைந்துவிட்டது. இனி இந்த வயலுக்கு மண்ணைப் பார்க்காமல் போடுவதாக இல்லை. கோத்தகிரியில் மச்சானின் கேரட் தோட்டம் புளிப்பு மண். அவருக்கே அனுப்பலாம் என்று லாரி கேட்டேன். சொன்ன வாடகை எரு விலையைவிட அதிகம். மேரிலாந்துக்காரரே, அந்த வாடகைப் பணத்துக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?